எம்.ஆர்.பி.யைத் தாண்டாத கொள்ளை: மருத்துவமனை பில் எங்கே வீங்குகிறது?

நார் அட்ரினலின் என்று ஓர் ஊசி மருந்து. ரத்த அழுத்தம் சரிந்துபோன நோயாளிக்கு ஐசியூவில் ஏற்றுவது. 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், டெல்லி சுற்றுவட்டாரத்தில் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைப் பிரித்து ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. இந்த ஊசியும் அதில் இருந்தது. மருத்துவமனை வாங்கிய விலை 14 ரூபாய் 70 காசு. மருந்தின்மேல் அச்சடித்திருந்த எம்.ஆர்.பி. 189 ரூபாய் 95 காசு. நோயாளியின் பில்லில் ஏறியது 5,318 ரூபாய் 60 காசு.

வகுத்துப் பாருங்கள். 189.95 பெருக்கல் 28 ஊசி, காசு பிசகாமல் 5,318.60 வருகிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. 411 ரூபாய்ச் சரக்கு ஐயாயிரத்துச் சொச்சத்துக்குக் கைமாறியிருக்கிறது, அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

மருத்துவமனை பில்லைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பான கற்பனை இருக்கிறது. எங்கோ கள்ளக்கணக்கு எழுதியிருப்பார்கள், அதைக் கண்டுபிடித்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பணம் போவது அந்த வழியில் இல்லை. பில்லின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். விலையில் போன பணத்தை பில்லிங் கவுண்டரில் நின்று சண்டை போட்டு மீட்க முடியாது. எண்ணிக்கையில் போன பணத்தை மீட்க முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் டிஸ்சார்ஜ் அன்று பலர் தப்பான இடத்தில் முட்டி மோதிவிட்டு, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

முதலில் விலை.

அச்சடித்த விலை யாருக்காக?

மருந்துக்கும் மருத்துவப் பொருளுக்கும் எம்.ஆர்.பி. அச்சடிப்பது தயாரிப்பு நிறுவனம். அந்த விலைக்கு உச்சவரம்பு இருப்பது பெரும்பாலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றுக்கு அரசு உச்சவிலை நிர்ணயிக்கிறது, சில்லறை விற்பனைக்கு 16 விழுக்காடு லாபம் வைத்துக் கணக்கிடுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு நிறுவனம் முதன்முதலில் என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். அதன்பிறகு ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

தெருமுனை மருந்துக்கடையில் என்ன பிராண்டு வாங்குவது என்பதில் வாங்குபவருக்குக் கொஞ்சமாவது பேச்சுரிமை உண்டு. படுக்கையில் கிடப்பவருக்கு எந்த பிராண்டு ஏற்றுவது என்பதை மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு முடிவு செய்கிறது. மொத்தமாக வாங்குவதால் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்துக் கொடுக்கும். குறைந்த விலைக்குக் கொடுப்பவர் ஜெயிப்பார் என்றுதானே நினைப்போம்? இங்கே ஜெயிப்பவர் வேறு. வாங்கும் விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் நடுவே யாருடைய சரக்கில் இடைவெளி அதிகமோ, அவருக்கே ஆர்டர். இந்த வீங்கிய எம்.ஆர்.பி.யால் தயாரிப்பாளரைவிட மருத்துவமனைதான் அதிகம் சம்பாதிக்கிறது என்று அந்த 2018 கணக்கிலேயே ஆணையம் எழுதியிருக்கிறது.

அதே கணக்கில் ட்ரிப்ஸ் குழாயில் மாட்டும் மூவழித் திருகு ஒன்று வருகிறது. பிளாஸ்டிக்கில் சுண்டுவிரல் நீளம். மருத்துவமனைக்கு வந்த விலை 5 ரூபாய் 77 காசு, நோயாளிக்கு 106 ரூபாய். லாபம் 1,737 விழுக்காடு. ஒரு சராசரி பில்லில் விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் பங்கு சுமார் 4 விழுக்காடுதான், கட்டுப்பாடு இல்லாத மருந்துகளின் பங்கு 25 விழுக்காட்டுக்கு மேல். கட்டுப்பாடு உள்ள பக்கம் கை போவதே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மருந்து, உபகரணம், பரிசோதனை மூன்றும் சேர்ந்து மொத்த பில்லில் ஏறத்தாழ 46 விழுக்காடு. அறுவை சிகிச்சைக்குப் பேக்கேஜ் தொகை பேசும்போது இந்தப் பாதி பெரும்பாலும் பேச்சிலேயே வராது.

அரசு ஓரிடத்தில் பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அடைத்த இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் நல்ல உதாரணம். 2017 பிப்ரவரியில், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவிலையாக அறிவிக்கப்பட்டன. அதுவரை லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற பொருள் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் வரம்பு வந்தது: வழக்கமாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆனால் ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையின் மொத்தச் செலவு அதே அளவுக்கு இறங்கியதா? ஸ்டென்டைக் கொண்டுபோய் வைக்கும் பலூனுக்கும் கத்தீட்டர் குழாய்க்கும் வரம்பு இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்துக்கும் இல்லை. அடுத்த ஆண்டே பலூன், கத்தீட்டர் லாபங்களை ஆணையம் தனியாக எடுத்து ஆராய வேண்டிவந்தது.

ஸ்டென்ட் ஆணையில் நோயாளிக்குப் பயன்படும் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஸ்டென்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் இவற்றை மருத்துவமனை பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். ஸ்டென்டோ மூட்டோ பொருத்திய எவரும் அதன் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் (நோயாளியின் முழு சிகிச்சைப் பதிவேடு) ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு ஸ்டென்ட் வைத்ததாக பில் வந்து ஸ்டிக்கர் ஒன்றே இருந்தால், கேள்வி கேட்க அதுவே போதும்.

எண்ணிக்கை பேசும்

2017-இல் குருகிராமில் டெங்குவோடு சேர்க்கப்பட்ட ஏழு வயதுக் குழந்தை சுமார் இரண்டு வாரம் தனியார் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனது. பில் ஏறத்தாழ 16 லட்சம். நாடே கொதித்தது. 660 சிரிஞ்சு, 2,700 கையுறை என்று பில்லில் இருந்த இரண்டு எண்கள் எல்லார் வாயிலும் அடிபட்டன. அந்த எண்களைப் பதினைந்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 44 சிரிஞ்சு, 90 ஜோடி கையுறை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு இவ்வளவு ஆகும் என்று மருத்துவமனை வாதாட முடியும், அந்த வாதத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஊசி போட, ரத்தம் எடுக்க, சளி உறிஞ்ச, புரட்டிப் படுக்க வைக்க என்று ஒவ்வொரு முறையும் நர்ஸ் கையுறை மாற்றத்தான் வேண்டும். மாற்றாமல் விட்டால் கிருமித் தொற்று. ஆகவே எண் பெரிதாக இருப்பது மட்டும் மோசடிக்கு ஆதாரம் ஆகாது. அந்த எண்ணை எதோடு ஒத்துப் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

ஒத்துப் பார்க்கும் ஏடு வார்டிலேயே இருக்கிறது. டிரக் சார்ட் என்பார்கள். எந்த மருந்து, என்ன அளவு, எந்த நேரத்தில் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று நர்ஸ் கையெழுத்துப் போடும் தாள் அது. ஃபார்மசி பில் தயாராவது வேறொரு தாளிலிருந்து: இன்டெண்ட், அதாவது வார்டிலிருந்து ஃபார்மசிக்குப் போகும் கேட்புப் பட்டியல். இன்டெண்ட் போட்டதும் பில்லில் ஏறிவிடும். நோயாளிக்குப் போட்டார்களா என்பது சார்ட்டில்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ரிட்டர்ன் என்ற பெயரில் ஃபார்மசிக்குத் திரும்பி, பில்லில் கழிக்கப்பட வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் ஆன்டிபயாட்டிக், காலை 6, மதியம் 2, இரவு 10 என்று நேரம். நோயாளி திங்கள் மாலை சேர்ந்து சனி நண்பகல் டிஸ்சார்ஜ் ஆகிறார். திங்கள் இரவு 1, செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாளுக்கு 12, சனி காலை 1. மொத்தம் 14. பில்லில் 20 ஏறி, ரிட்டர்னில் 3 கழிந்திருந்தால், மிச்சம் 17. மூன்று ஊசிக்குக் கணக்கு இல்லை. அந்த மூன்றோடு சேர்ந்து மூன்று சிரிஞ்சு, கரைக்கும் நீர், சலைன் பாட்டில் என்று ஒரு குடும்பமே ஏறியிருக்கும். நடுவில் மருத்துவர் மருந்தை மாற்றினார் என்றால் பழைய மருந்தின் மிச்சம் முழுதும் ரிட்டர்ன் ஆகியிருக்க வேண்டும். தவறு அதிகம் நடப்பது அந்த மாற்றத்தன்றும், ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறும் அன்றும்தான். ஐசியூவில் வாங்கிய சரக்கு நோயாளியோடு வார்டுக்கு வராது, வார்டில் புது இன்டெண்ட் போடுவார்கள்.

இதற்கு யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவுப் பணி நர்ஸ் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலு அதிகம் கேட்டு வைப்பார், காலையில் பணி மாறும், ரிட்டர்ன் போட யாருக்கும் நேரம் இருக்காது. கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் கழித்தும் கொடுப்பார்கள். கேட்காதவர் பில்லில் அது அப்படியே நிற்கும். தற்செயலான தவறு என்றால் சில பில்களில் நோயாளிக்குச் சாதகமாகவும் வர வேண்டும் அல்லவா? அப்படி வருவதை யாரும் பார்த்ததில்லை.

சிரிஞ்சை விட்டுவிட்டு ஐசியூ வரிகளுக்கு வருவோம். படுக்கைக்கு ஒரு கட்டணம், நர்சிங்குக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று, மருந்தை ஒரே வேகத்தில் செலுத்தும் சிரிஞ்சு பம்ப்புக்கு நாள் வாடகை, வென்டிலேட்டருக்கு நாள் வாடகை, ஆக்சிஜனுக்கு மணிக் கணக்கு. மானிட்டர் இல்லாமல் ஐசியூ படுக்கை என்று ஒன்று கிடையாது. அதற்குத் தனிக் கட்டணம் என்பது ஓட்டலில் இட்லிக்கு ஒரு விலை, இட்லித் தட்டுக்கு ஒரு விலை என்பதுபோல. இந்த வகை உடைப்பைத் தடுக்க நேரடிச் சட்டம் இல்லை. ஆனால் மணிகளைச் சரிபார்க்கலாம். ஆக்சிஜன் 24 மணி நேரம் என்று பில் வந்த நாளில், மருத்துவர் குறிப்பில் ‘அறைக் காற்றில் சுவாசிக்கிறார்’ என்று எழுதியிருந்தால் அந்த வரி நிற்காது. வென்டிலேட்டர் குழாயை எடுத்த நேரம் ஐசியூ சார்ட்டில் நிமிடத்தோடு இருக்கும். நாள் வாடகை நள்ளிரவில் மாறுகிறதா, சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

விசிட் கட்டணமும் இப்படித்தான். ஐசியூ மருத்துவர், பொறுப்பு மருத்துவர், அவர் அழைத்த சிறுநீரக நிபுணர், இதய நிபுணர் என்று ஒரு நாளைக்கு நாலைந்து விசிட் ஏறும். உண்மையில் வந்து பார்த்த மருத்துவர் கேஸ் ஷீட்டில் தேதி, நேரத்தோடு குறிப்பு எழுதியிருப்பார். குறிப்பு இல்லாத விசிட்டுக்குக் காசு கேட்டால் குறிப்பைக் காட்டச் சொல்லலாம்.

ஒரே கத்தி, மூன்று விலை

பொது வார்டில் இருப்பவருக்கும் தனி அறையில் இருப்பவருக்கும் ஒரே மருத்துவர், ஒரே தியேட்டரில், ஒரே கத்தியால் அறுவை செய்கிறார். பில் மட்டும் வேறு. அறை வாடகையில் வித்தியாசம் இருப்பது புரிகிறது. ஆனால் பல மருத்துவமனைகளில் சர்ஜன் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம், சில இடங்களில் ரத்தப் பரிசோதனை உட்பட எல்லாமே அறையின் தரத்தைப் பொறுத்து ஏறும். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் வாடகைதானே என்று அறையை மாற்றிக்கொள்பவர் உண்மையில் மொத்த பில்லையும் மாற்றிக்கொள்கிறார்.

காப்பீடு இருந்தால் இந்த அடி இரட்டிப்பாகும். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள். மொத்த பில் 3 லட்சம்: வாடகை 30,000, சர்ஜன், தியேட்டர், விசிட் வகையில் 1,20,000, மருந்து, உபகரணம், பரிசோதனை 1,50,000. வரம்பு அறை வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு. அதே விகிதத்தில்தான் சர்ஜன் வகையறாவையும் நிறுவனம் கொடுக்கும் என்பதால் வாடகையில் 20,000, சர்ஜன் வகையறாவில் 80,000 கிடைக்கும். மருந்தும் பரிசோதனையும் முழுதாகக் கிடைக்க வேண்டும். ஆக 2,50,000. கைக்காசு 50,000. வாடகையில் தாண்டியதோ பத்தாயிரம்தான்!

இதில் ஒரு நுணுக்கம். இந்த விகிதக் கழிவை மருந்து, பொருத்தும் உபகரணம், பரிசோதனை ஆகியவற்றுக்கும் ஐசியூ கட்டணத்துக்கும் போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் தெளிவாக்கியது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் விகிதக் கழிவே கூடாது. ஆனாலும் மொத்த பில்லின் மேலும் கத்தி வைத்து இரண்டு லட்சம் அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அந்தத் தவறின் மதிப்பு 50,000 ரூபாய். கழிவுக் கடிதம் வந்ததும் வரி வரியாகப் பிரித்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

காப்பீட்டில் சேராத பொருள்கள் என்று மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க் நீட்டும் பட்டியலிலும் கலப்படம் உண்டு. காப்பீட்டு ஆணையத்தின் பட்டியல் நான்கு பகுதி கொண்டது. முதல் பகுதியில் உள்ள 68 பொருள்கள் பாலிசியில் இல்லாவிட்டால் நோயாளியின் பொறுப்பு. மற்ற மூன்று பகுதிகளும் அப்படியல்ல. கைப்பட்டை, ஆவணக் கட்டணம், டிஸ்சார்ஜ் செயல்முறைக் கட்டணம், ஊசி போடும் கூலி இவை அறை வாடகைக்குள் அடக்கம். பஞ்சு, பேண்டேஜ், தியேட்டர் முன்பதிவு, சர்ஜிக்கல் பிளேடு அறுவைக் கட்டணத்துக்குள் அடக்கம். பதிவுக் கட்டணம், சிறுநீர்ப் பை, குளுக்கோமீட்டர் பட்டை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடக்கம். கேஷ்லெஸ் ஒப்பந்தம் (காப்பீட்டு நிறுவனமே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் ஏற்பாடு) போட்ட மருத்துவமனை இவற்றைத் தனியாக எழுதி நோயாளி தலையில் கட்டினால், அந்தப் பட்டியலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதலாம்.

டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டு ஒப்புதலுக்காக மாலை வரை காத்திருந்து இன்னொரு நாள் வாடகையும் கட்டுபவர்கள் ஏராளம். காப்பீட்டு ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, சேர்க்கைக்கான கேஷ்லெஸ் முடிவு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும். மருத்துவமனை எத்தனை மணிக்கு இறுதி பில்லை அனுப்பியது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் மருத்துவமனையைக் கைகாட்டும், மருத்துவமனை நிறுவனத்தைக் கைகாட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நோயாளியிடம், திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை எந்தப் பெயரிலும் கைக்காசு வாங்கக்கூடாது. வாங்கினால் ரசீதோடு 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ரசீது கொடுக்காமல் வாங்குவதுதான் வழக்கம் என்பதால், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கு வழியாக அனுப்புவது உத்தமம்.

அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை முதல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஐசியூவுக்குக் கிடையாது.

மருத்துவர் எங்கே வருகிறார்?

இதுவரை மருத்துவமனை பற்றியே பேசினோம். தேவையில்லாத பரிசோதனை, தேவையில்லாத சேர்க்கை, தேவையில்லாத அறுவை இவை பில்லிங் கவுண்டரில் பிறப்பதில்லை. அவற்றுக்கு மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

பழைய வழி கமிஷன். ஸ்கேன் சென்டருக்கோ பெரிய மருத்துவமனைக்கோ நோயாளியை அனுப்புபவருக்கு ஒரு பங்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. மகாராஷ்டிரத்தில் 2017-இல் இதற்கென்றே தனிச் சட்ட வரைவு தயாரித்தார்கள். மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணமும் பெறுவதை 2009-இல் விதிகளில் தடுத்தார்கள். அப்படிக் கொடுத்த பரிசுகளைத் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரிவிலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போகிறார்கள் என்றால் எவ்வளவு சகஜமான செலவாக அது இருந்திருக்கும்!

புதிய வழிக்குக் கமிஷன் என்று பெயர் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவரோடு ஒப்பந்தம் போடும்போது, முதல் சில ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்வார்கள். பிறகு அவர் துறை ஈட்டும் வருவாயைப் பொறுத்துப் பங்கு. புறநோயாளியாக வந்தவர்களில் எத்தனை பேர் உள்நோயாளி ஆனார்கள் என்பதற்குக் கன்வெர்ஷன் என்று பெயர். மாதாந்திரக் கூட்டத்தில் அந்த எண் பேசப்படும். நேரடியாக ‘அறுவை செய்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ரெண்டு நாள் அட்மிட் பண்ணிப் பார்த்துடலாமே’ என்ற வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம். மருத்துவக் காரணமும் இருக்கலாம். நோயாளியால் பிரித்தறிய முடியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

தனி நோயாளியிடம் தெரியாதது கூட்டத்தில் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 விழுக்காடு சிசேரியன், தனியாரில் 63.8 விழுக்காடு. சிக்கலான பிரசவங்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவது அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் என்பதையும் நினைவில் வைத்தால், தனியாரின் எண் உடம்பின் தேவையை மட்டும் சொல்லவில்லை என்பது விளங்கும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுத் தொகைக்காக ஏழைப் பெண்களின் கருப்பையை அகற்றியதாக எழுந்த வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அவசரமில்லாத எந்த அறுவைக்கும் இரண்டாவது கருத்து கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். முதல் மருத்துவர் அனுப்பும் இடத்துக்கே போகக் கூடாது. ஸ்கேன் அறிக்கையோடு படச்சுருளையும் சிடியையும் எடுத்துப்போக வேண்டும். முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இரண்டாமவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவு இதற்குச் சிறந்த இடம், அங்கே யாருக்கும் கன்வெர்ஷன் இலக்கு இல்லை.

மயக்கத்தில் இருக்கும்போதே ‘இதையும் சேர்த்து எடுத்துவிட்டோம்’ என்று சொல்வதற்கும் வரம்பு உண்டு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டுமே விதிவிலக்கு என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எப்போது கேட்பது, எதை வாங்குவது

சேரும் நாளில் எழுத்தில் வாங்க வேண்டியது மதிப்பீடு. பேக்கேஜ் என்றால் அதில் எது இல்லை என்பதை முதலில் கேளுங்கள்: உபகரணம், ரத்தம், கூடுதல் ஐசியூ நாள், விலை உயர்ந்த மருந்து, சதை ஆய்வு. தொகை அங்கேதான் எகிறும். அடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வரிவாரியான இடைக்கால பில். மொத்தத் தொகை மட்டும் காட்டும் ஒற்றைத் தாள் எதற்கும் உதவாது, தேதி வாரியாகப் பிரித்த பில் வேண்டும். குடும்பத்தில் ஒருவர் சின்ன நோட்டு ஒன்றில் ஊசி நேரம், ஸ்கேன், வந்துபோன மருத்துவர் இவற்றைக் குறித்துக்கொண்டே வந்தால் கடைசி நாளில் ஞாபகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வெளியே மருந்து வாங்கிவர அனுமதி உண்டா? தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமை சாசனம் உண்டு என்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல. மருத்துவமனை ஃபார்மசியிலேயே வாங்கக் கட்டாயப்படுத்துவதை எதிர்த்த வழக்கை 2025 மார்ச்சில் முடித்த உச்ச நீதிமன்றம் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. நடைமுறையில் ஐசியூ மருந்துக்கு வாதாடுவதில் பயனில்லை. டிஸ்சார்ஜ் மருந்துச் சீட்டை மட்டும் மருத்துவமனை ஃபார்மசியில் கொடுக்காமல் வெளியே எடுத்துவந்தாலே ஒரு மாத மருந்தில் வித்தியாசம் தெரியும்.

பணம் பாக்கி என்று நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கும் அதிகாரம் எந்த மருத்துவமனைக்கும் இல்லை. பாக்கியை உரிமையியல் வழக்கில் வசூலிக்கலாம், ஆளை அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் குற்றம். உடனே வேறு வழியில்லை என்றால் ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று பில் நகலில் எழுதிக் கையெழுத்திட்டு, மருத்துவமனையின் முத்திரை வாங்கி, பிறகு சண்டை போடலாம்.

புகார் போகும் இடங்கள் வெவ்வேறு. எம்.ஆர்.பி.க்கு மேலோ உச்சவிலைக்கு மேலோ விற்றிருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அல்லது விலை நிர்ணய ஆணையம். உச்சவிலையைப் பார்க்க ஆணையத்தின் ஃபார்மா சஹி தாம் செயலி இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை: நிறுவனத்திடமிருந்து ஆணையம் வசூலிக்கும் கூடுதல் தொகை அரசுக் கணக்குக்குப் போகும், நோயாளிக்கு வராது. மருத்துவரின் நடத்தை, கமிஷன், தேவையற்ற அறுவை என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது மருத்துவர் மேல் நடவடிக்கை எடுக்கும், பணத்தைத் திருப்பித் தராது. மருத்துவமனையின் பதிவு, வசதிகள் தொடர்பாக மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். கட்டண உச்சவரம்பு என்று அவரிடம் போய் நிற்பதில் பலன் குறைவு. கட்டணப் பட்டியலை வைக்கச் சொல்லும் 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, இங்கே நடப்பில் இருப்பது 1997-இன் மாநிலச் சட்டம். அரசு நினைத்தால் வரம்பு வைக்க முடியாது என்றில்லை. 2020 ஜூனில் கொரோனா நோயாளிக்குத் தனியார் ஐசியூவில் நாளுக்கு 15,000 ரூபாய்தான் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது.

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிக் கேட்கலாம்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிந்துபோன விஷயம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் பல மருத்துவமனைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வரும். கெடு, நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.

வழக்கு நிற்பதும் விழுவதும் கேஸ் ஷீட்டில். டிஸ்சார்ஜ் சம்மரி கேஸ் ஷீட் ஆகாது. சம்மரியில் டிரக் சார்ட் இருக்காது, நர்ஸ் குறிப்பு இருக்காது, ஐசியூ சார்ட் இருக்காது. முழு மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். கடிதத்தில் ‘டிரக் சார்ட், நர்சிங் குறிப்புகள், ஐசியூ சார்ட், மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவங்கள், ஃபார்மசி இன்டெண்ட் மற்றும் ரிட்டர்ன் பட்டியல்’ என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் நேரமும் வாங்குங்கள், மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நகலுக்கான செலவை அவர்கள் கேட்கலாம், கொடுத்துவிடுங்கள். அவர்கள் அந்தப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு மட்டுமே.